ஒரு முன்கை எலும்பின் எடை

சான்று எடைப் பிரிவை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்கே போய்விடுவேன். அங்கே வேலை நடப்பதில்லை என்று வாய் கூசாமல் சொல்கிறார்களே, அவர்கள் ஒரு நாளாவது அந்தக் கட்டடத்துக்குள் காலை வைத்திருப்பார்களா? வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். முடியாது, அவ்வளவுதான். காணாமல் போனவர்களின் வழக்குகளில் கிடைக்கும் ஒவ்வொரு தடயத்துக்கும் நூற்றுக்கு எத்தனை எடை என்று தீர்மானிப்பது அவர்கள் பொறுப்பு. செருப்புக்கு இவ்வளவு, தலைமுடிக்கு இவ்வளவு, கண்ணால் பார்த்தேன் என்பவருக்கு இவ்வளவு. பெற்றவர்கள் சொல்லுக்குத்தான் இருப்பதிலேயே குறைந்த எடை. ஏனென்றால் அவர்களுக்குப் பாசம் இருக்கிறது. ‘பாசம் தராசைச் சாய்க்கும்’ என்று சுவரில் பெரிதாக எழுதி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சுவருக்கு எதிரே கிடக்கும் பெஞ்சில் பல வருடம் உட்கார்ந்து எழுந்தவர் நம் லிஃப்ட்காரர். பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுவது அவருக்கு வேலை. நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்து, கடைசியில் புறப்பட்ட இடத்திலேயே இறங்குகிற தொழில் என்பதால், பிரிவின் நடைமுறை அவருக்கு அவ்வளவு புதிதாகத் தோன்றவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மகள் மூத்தவள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இளையவனை வீட்டில் எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். குடிதண்ணீரைச் சுத்தம் செய்கிற மெஷினை வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்ப்பான். ஒரு நாள் காலையில் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வரவில்லை. அவன் கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிரிவின் கதை.

முதல் வருடம் பிரிவுக்குக் கிடைத்தது ஒரு முதுகு. எங்கோ ஒரு தூரத்து நகரத்து ரயில் நிலையக் கேமராவில் யாரோ ஒருவன் திரும்பி நடந்து போகிறான். அந்தப் படத்தைப் பெரிதாக்கி மேஜைமேல் வைத்துவிட்டுத் தலைமை எடையாளர் லிஃப்ட்காரரைக் கூப்பிட்டார். தலைமை எடையாளர் தங்கமான மனிதர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். வந்தவர் அழுதால், அழுது முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருப்பார்.

“பாருங்க பெரியவரே. இது உங்க பையன்தானே?”

“இல்லீங்க சார்.”

“முகமே தெரியல. எப்படி இல்லன்னு சொல்றீங்க?”

“அந்த முதுகுக்குச் சோப்புப் போட்டு வளத்தவன் சார் நான். எங்க பையனுக்குப் பை மாட்டி மாட்டி ஒரு தோள் இறங்கியிருக்கும். இந்தப் பிள்ளைக்கு ரெண்டும் ஒரே மட்டமா இருக்கு.”

“பாசம்” என்றார் தலைமை எடையாளர். பக்கத்தில் இருந்த உதவியாளர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு தலைமை எடையாளரே விளக்கினார். “கேமரா யாருக்கும் அப்பா கிடையாது. அதுக்கு யார் வந்தாலும் ஒண்ணுதான், யார் போனாலும் ஒண்ணுதான். நாங்களும் அப்படித்தான் இருக்கணும்னு எங்களுக்குப் பயிற்சியே குடுத்திருக்காங்க. அதனால கேமராவுக்கு நாப்பது எடை. உங்களுக்கு ரெண்டு. இதையும் வயசைப் பார்த்துத்தான் போட்டேன்.”

அன்றிலிருந்து சின்னவன் அரசாங்கக் கணக்கில் உயிரோடு இருந்தான். தூரத்து நகரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான்.

லிஃப்ட்காரருக்கு ஒரு வழக்கம். பிரிவில் யார் என்ன சொன்னாலும் வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்துவிடுவார். கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். ஆறுதலுக்காகக்கூட ஒன்று சேர்த்ததில்லை. முதுகுக் கதையையும் அப்படித்தான் சொன்னார். அவள் பாதி நறுக்கிய வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏங்க, இருக்கானா, இல்லையா?”

“தெரியலம்மா.”

“அவங்களை ஏதாவது ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. இருக்கான்னா காத்துக்கிட்டு இருக்கேன். இல்லன்னா அழுது தீர்த்துடறேன். ரெண்டுக்கும் நடுவுல என்னை நிக்க வைக்காதீங்க. கால் வலிக்குது.”

அவர் மீதி வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

சில வருடம் கழித்து, ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்றில் தண்ணீர் வற்றியது. அடிச் சேற்றில் மக்கிப்போன ஒரு தோள்பை, துருப்பிடித்த ஒரு ஸ்பேனர், ஒரு முன்கை எலும்பு. மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று தேட, குவாரிக்குள் இறங்க ஏணி கேட்டு எழுதினார்கள். ஏணி அனுமதியாகி வருவதற்குள் மழை வந்துவிட்டது.

லிஃப்ட்காரரைக் கூப்பிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்து எலும்பைக் காட்டினார்கள். ஒரு சாணுக்கு மேலேயே இருந்தது. பழுப்பாக, ஒரு முனையில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அது சின்னவன்தான் என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. சொல்லியிருந்தாலும் இரண்டு எடைதான்.

“பை அவனோடதுதான் சார். ஸ்பேனரும். ஃபில்டர் மூடியைத் திறக்கிறது.”

“ஸ்பேனர் ஊர் பூரா இருக்கு பெரியவரே. மூணு எடை. பை மக்கிடுச்சு, ஒண்ணு.”

“எலும்பு?”

“அதை நிபுணர் அம்மா சொல்லுவாங்க.”

நிபுணர் அம்மா ஆய்வுக்கூடத்துக்காரர். அந்தக் கட்டடத்திலேயே வந்தவரை உட்காரச் சொல்லும் ஒரே ஆள். புருஷன் பெண்டாட்டி இருவரையும் வரவழைத்து ரத்தம் எடுத்தார். எலும்பின் ஒரு முனையில் கொஞ்சம் அறுத்தெடுத்து, பொடியாக்கி, இரண்டையும் ஒப்பிட்டார். முடிவு வந்த அன்று தலைமை எடையாளர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

“இந்த எலும்பு உங்க ரெண்டு பேருக்கும் பிறந்த பிள்ளையோடது. சந்தேகமே இல்ல. அறுபது எடை!”

லிஃப்ட்காரர் அந்த மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதார். தலைமை எடையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அழுது முடித்ததும் லிஃப்ட்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப எடுத்துக்கிட்டுப் போலாமா சார்? அவங்க அம்மா கேக்கறா. ஒரு இடத்துல வச்சு மண்ணைப் போடணுமாம். போய் உக்கார ஒரு இடம் வேணும்ங்கறா. வேற ஒண்ணும் வேணாமாம்.”

“குடுத்துடலாம், குடுத்துடலாம். ஒரே ஒரு சின்ன சிக்கல். உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?”

“ரெண்டு சார். மூத்தது பொண்ணு.”

தலைமை எடையாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அதான் பாருங்க. இது உங்க பிள்ளைன்னுதான் வந்திருக்கு. எந்தப் பிள்ளைன்னு வரல.”

“சார், பொண்ணு உயிரோட இருக்கு.”

“அதை நீங்க சொல்றீங்க.”

எலும்பு ஆணுடையதா பெண்ணுடையதா என்று பார்க்க வழி உண்டாம். ஆனால் அது வேறு மேஜை. அந்த மேஜைக்காரர் மாற்றலாகிப் போய், மேஜை மட்டும் இருந்தது. ஆகவே மகளை வரச்சொல்லி ஓலை போயிற்று. பாவம், அவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி பஸ் ஏறி வந்தாள். தம்பி கிடைத்துவிட்டான் என்று அழுவதா, தான் சாகவில்லை என்று சத்தியம் செய்வதா என்று தெரியாமல் முழித்தாள்.

“நீங்க உயிரோட இருக்கறீங்களா?” என்று கேட்டார் தலைமை எடையாளர்.

“உங்க முன்னாடிதானே சார் உக்காந்திருக்கேன்.”

“அது வாய்மொழிச் சான்று. அஞ்சு எடை. உங்க ரெண்டு முன்கை எலும்பும் உள்ளதான் இருக்குன்னு எக்ஸ்ரே வேணும்.”

“எக்ஸ்ரேவா? இந்தக் கையாலதான் சார் வாசல்ல கையெழுத்துப் போட்டேன். இந்தக் கையாலதான் குழந்தையைப் பிடிச்சிருக்கேன். பாருங்க!”

“குழந்தையை இறக்கிடுங்கம்மா. பாசம் வந்துடும்.”

லிஃப்ட்காரர் தன் ஆஸ்பத்திரிக்கே மகளை அழைத்துப் போய், தன் லிஃப்டிலேயே ஏற்றி, இரண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுத்தார். எடுக்கிறவர், எங்கே அடி என்று கேட்டார். அடியெல்லாம் இல்லை, எலும்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்றார் லிஃப்ட்காரர். அவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பல வருடப் பழக்கம் என்பதால் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொடுத்தார். படத்தில் எலும்புகள் பத்திரமாக இருந்தன. ஆனால் படத்தில் இருக்கிற எலும்பும் கண்ணாடிக்குள் இருக்கிற எலும்பும் வேறு வேறு என்று உறுதி செய்ய, கண்ணாடிக்குள் இருப்பதில் இன்னொரு துண்டு அறுக்க வேண்டியிருந்தது. எடை எழுபதுக்குப் போனது. எலும்பு ஒரு சாணுக்கு வந்தது.

நியாயமாக அத்தோடு முடிந்திருக்கும். அந்தப் பாழாய்ப்போன முதுகு குறுக்கே வந்தது. நாற்பது எடை போட்டு வைத்த சான்றை அப்படியே தூக்கிக் கடாசிவிட முடியுமா? முதுகின்படி ஆள் உயிரோடு இருக்கிறான். எலும்பின்படி இல்லை. பிரிவு முழுவதும் கூடிக் கலந்து பேசியது. கூட்டம் முடிந்து வெளியே வந்த தலைமை எடையாளர் முகத்தில் அப்படியொரு தெளிவு.

“ரெண்டு சான்றும் உண்மைதான்னு முடிவு பண்ணியிருக்கோம். எதையும் நாங்க ஒதுக்க மாட்டோம். உங்க பையன் உயிரோட இருக்கான். ஒரு முன்கை மட்டும் இல்லாம இருக்கான்.”

“சார், அந்தப் படத்துல இருக்கறவருக்கு ரெண்டு கையும் இருக்கே?”

“அது எடுத்த தேதியில இருந்திருக்கு.”

ஒரு கை இல்லாத ஆண்களைத் தேடி எல்லா ஊருக்கும் சுற்றறிக்கை பறந்தது. கொஞ்ச நாளில் ஒருவரைப் பிடித்துக்கொண்டும் வந்துவிட்டார்கள். அவர் ஒரு மாவு மில் தொழிலாளி. பெல்ட்டில் மாட்டிக் கை போனவர். தலை நரைத்து, லிஃப்ட்காரருக்கு அண்ணன் மாதிரி இருந்தார். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, ஜாடை ஒத்துப்போகிறதா என்று உதவியாளர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மில்காரருக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், இருக்கிற ஒரு கையை லிஃப்ட்காரரின் முழங்கால்மேல் வைத்தார்.

“நான் உங்க பையனா இருந்திருக்கக் கூடாதான்னு இருக்குங்க” என்றார். “எனக்கும் யாரும் இல்ல.”

லிஃப்ட்காரர் கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்தார். குடித்துவிட்டு, மில்காரரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அந்தப் பிரிவு அவருக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அந்த மனிதரை அரை நாள் பக்கத்தில் உட்கார வைத்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மில்காரர் மகன் அல்ல என்று நிரூபிக்கவும் எலும்பிலிருந்து ஒரு துண்டு போயிற்று. எடை எண்பத்தைந்து. எலும்பு நாலு விரல்.

வீட்டில் அன்றைய கதையைச் சொல்லி முடித்ததும் மனைவி கேட்டது இவ்வளவுதான்: “மிச்சம் எவ்வளவு இருக்கு?”

அவர் நாலு விரலை நீட்டிக் காட்டினார். அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவர் நேரே தலைமை எடையாளர் முன்னால் போய் நின்றார். அத்தனை வருடத்தில் கூப்பிடாமல் அந்த அறைக்குள் போனது அன்றுதான்.

“போதும் சார். எண்பத்தஞ்சுலயே குடுத்துடுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நாளைக்கு வேற யாரோடதோன்னு ஆனாலும் உங்க மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அது வேற பிள்ளையா இருந்தாலும் நாங்களே வச்சுக்கறோம் சார். அதுக்கும் யாராவது அழணும்ல?”

தலைமை எடையாளர் உருகிப்போனார். சும்மா சொல்லக் கூடாது, அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. உருக்கத்தோடேயே பேசினார்.

“எண்பத்தஞ்சு எடைக்கு உங்க பிள்ளையை உங்க கையில குடுக்க எனக்கு மனசு வருமா பெரியவரே? மீதி பதினஞ்சு யாரோட பிள்ளை? நாளைக்கு யாராவது கேட்டா? உங்களுக்கு வேண்டியது ஒரு எலும்பு. எனக்கு வேண்டியது உண்மை. எலும்பு இன்னிக்கு இருக்கும், நாளைக்கு மக்கிடும். உண்மை ஃபைல்ல இருக்கும். இந்த நாற்காலிக்கு முன்னாடி எத்தனையோ பேர் உக்காந்து அழுதிருக்காங்க. யாருக்கும் நான் அரைகுறையா பதில் சொன்னதில்ல. அதனாலதான் இதுவரைக்கும் யாருக்குமே பதில் சொல்லல.”

உதவியாளர் இதையும் எழுதிக்கொண்டார். நல்ல வாசகம் என்று நினைத்திருப்பார்.

பிறகு உறுதிச் சோதனை நடந்தது. உறுதிச் சோதனை சரியாக நடந்ததா என்று மறு உறுதி. மறு உறுதி செய்தவரும் முதலில் செய்தவரும் ஒரே ஆள் என்பதால் மூன்றாமவரைக் கொண்டு ஒன்று. லிஃப்ட்காரர் ஆய்வுக்கூட வாசலிலேயே பழியாகக் கிடந்தார். ஒரு நாள் நிபுணர் அம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தவர், இவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நான் முடிஞ்ச மட்டும் மெல்லிசாத்தான் அறுக்கறேன் ஐயா” என்றார்.

“தெரியும்மா.”

“போதும்னு ரெண்டு தடவை எழுதிட்டேன். இது யாருன்னு முதல் நாளே எனக்குத் தெரியும்.”

“எனக்கும்தாம்மா.”

இருவருக்கும் தெரிந்த விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்காக அவர் மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். தொண்ணூறில் எலும்பு கட்டைவிரல் அளவு. தொண்ணூற்றெட்டில் ஒரு சிட்டிகை.

நூறு வந்தேவிட்டது. நூறுக்கு முன்னால் நாற்பது செல்லாது என்று அந்த முதுகைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்கள். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து எந்த வழக்கும் நூறைத் தொட்டதில்லை என்பதால் விழா எடுத்தார்கள். பெரிய ஹாலில் மைக், நாற்காலி, மேடை நிறையப் பூ. பக்கத்து மாவட்ட அதிகாரிகளெல்லாம் வந்து முன்வரிசையை நிறைத்திருந்தார்கள். லிஃப்ட்காரரை மேடையில் ஓர் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அவர் சலவைச் சட்டை போட்டு, மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் மனைவி கொடுத்தனுப்பிய சின்னவனின் பழைய சட்டை இருந்தது. அதில் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

தலைமை எடையாளர் பேசினார். “ஒரு தாயின் கண்ணீருக்கு இந்தப் பிரிவு இன்று பதில் சொல்லியிருக்கிறது. காணாமல் போனவர் இறந்துவிட்டார். சந்தேகத்துக்கு இடமின்றி, நூற்றுக்கு நூறு இறந்துவிட்டார்! இதைவிட மகிழ்ச்சியான நாள் எங்கள் பிரிவுக்கு வந்ததில்லை.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் லிஃப்ட்காரரும் இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கி, பாதியில் இறக்கிவிட்டார். அவருக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். பிறகு அரக்கு முத்திரை வைத்த ஒரு காகித உறையைக் கொடுத்தார்கள். அவர் துணிப்பையிலிருந்து சட்டையை எடுத்து மடியில் விரித்து, உறையை அதன் நடுவில் வைத்தார். கனமே இல்லை. மெல்லக் குலுக்கிப் பார்த்தார்.

“சார், இதுல ஒண்ணும் இல்லையே?”

தலைமை எடையாளர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். “கடைசிச் சோதனைக்கு இருந்தது சரியாப் போயிடுச்சு பெரியவரே. ஒரு துளிகூட வீணாக்கல. அதான் நூறு வந்துடுச்சே, இனி எலும்பு எதுக்கு?”

முன்வரிசையில் இருந்து போட்டோக்காரர் சத்தம் போட்டார். “ஐயா, கவரைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க!”

அவர் தூக்கிப் பிடித்தார். பழகிப்போன கை. பல வருடமாக யார் எந்த மாடி சொன்னாலும் பட்டனை அமுக்கிய கை அது.

வீட்டுக்கு வந்தபோது மகளும் வந்திருந்தாள். மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தச்சரிடம் சொல்லிச் செய்து வாங்கிய ஒரு மரப்பெட்டி. வாங்கும்போது நாலு விரல் அளவு சொல்லியிருக்கிறாள்; தச்சர் கொஞ்சம் தாராளமாகவே செய்திருந்தார். உள்ளே பஞ்சு வைத்திருந்தாள். லிஃப்ட்காரர் அவள் எதிரே உட்கார்ந்து, வழக்கம்போல எல்லாவற்றையும் சொன்னார். மைக், பூ, பேச்சு, கைதட்டல், நூற்றுக்கு நூறு, உறை. எதையும் விடவில்லை.

“அப்ப நம்ம பிள்ளைதான்” என்றாள்.

“நம்ம பிள்ளைதான்.”

“எல்லாத்தையுமே அறுத்துட்டாங்களா?”

“ம்.”

அவள் உறையை வாங்கினாள், பிரிக்கவில்லை. சட்டையோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் தன் வலது முன்கையை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தாள், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை. பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“ஏங்க, இத்தனை தடவை அறுத்திருக்காங்களே. வலிச்சிருக்குமேங்க?”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். எலும்புக்கு வலிக்காது என்று சொல்லலாம். அது நிஜம். பிரிவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

“இல்லம்மா” என்றார் லிஃப்ட்காரர். “ஒவ்வொரு தடவையும் மயக்க ஊசி போட்டுத்தான் செஞ்சாங்க.”

“நிஜமாவா?”

“நான் பக்கத்துலயேதான் நின்னேன்.”

“அவன் கையைப் பிடிச்சுக்கிட்டீங்களா?”

“பிடிச்சுக்கிட்டேன்.”

அதற்கப்புறம்தான் அவள் அழ ஆரம்பித்தாள்.